பொய் ஈயும் மெய் மீனும்

காரைக்காலுக்குத் தெற்கே, நாகூருக்குப் போகும் வழியில், திருமலைராயன்பட்டினம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவு வருகிறவர் காளமேகப் புலவர்தாம். 15-ஆம் நூற்றாண்டில் திருமலைராயன் என்னும் சிற்றரசன் இங்கே சபை நடத்தினான் என்பதும், அதிமதுர கவியும் அவர் கூட்டத்தாரும் காளமேகத்தை எமகண்டம் என்னும் கொடிய சோதனைக்கு உட்படுத்தினார்கள் என்பதும், அதில் வென்றும் மரியாதை பெறாத புலவர் மண்மாரி பெய்யுமாறு ஊரைச் சபித்துவிட்டுப் போனார் என்பதும் வழிவழியாக வரும் கதை. மண்மாரி பெய்ததோ இல்லையோ, புலவர் அங்கே பெய்த சொல்மாரி இன்னும் வற்றவில்லை.

காளமேகத்துக்குக் கைவந்த கலை சிலேடை. பாம்பும் எள்ளும் ஒன்று என்பார். பாம்பும் வாழைப்பழமும் ஒன்று என்பார். மீனும் பேனும் ஒன்றுதான் என்று சாதிப்பார். கேட்டவர்கள் முதலில் நகைப்பார்கள். பாட்டைக் கேட்டு முடித்ததும் தலையை ஆட்டுவார்கள். ஓர் ஈயினால் மலை குலுங்க வேண்டும், அப்படி ஒரு பாட்டுச் சொல்லும் என்று ஒருவர் விதித்த நிபந்தனைக்கும் அவர் விடை சொன்னதாகக் கர்ணபரம்பரை உண்டு. கண்ணனை ஆய்ச்சி அடித்த புண்ணில் ஈ மொய்த்ததாம், உலகமெல்லாம் தன் உடம்பாகக் கொண்டவன் சற்றே அசைந்தானாம், மேரு குலுங்கிவிட்டதாம்!

நாம் இங்கே சொல்லப் போவது கவிதையைப் பற்றியதன்று. ஆயினும் அது ஈயைப் பற்றியது, சிலேடையைப் பற்றியது, நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுத் திறமை காட்டுவதைப் பற்றியது. ஆகையால் காளமேகத்தின் ஊரிலிருந்து தொடங்குவது பொருத்தந்தானே?

கைவிரலின் சிலேடை

தூண்டில் முள் ஒன்றின்மேல் நூலும் இறகும் மயிரும் சுற்றி, மீனின் கண்ணுக்கு அதை ஈயாகவோ புழுவாகவோ இறாலாகவோ தோன்றச் செய்யும் தொழில் ஒன்று உண்டு. மேல்நாட்டார் அதை ‘ஈ கட்டுதல்’ என்று சொல்கிறார்கள். மனிதன் பார்த்தால் கோழி இறகு. மீன் பார்த்தால் ஆகாரம். பொருள் ஒன்று, அர்த்தம் இரண்டு. இதைச் சிலேடை என்னாமல் வேறு என்னவென்று சொல்வது? வித்தியாசம் ஒன்றுதான். புலவரின் சிலேடை விளங்கிவிட்டால் கேட்டவர் மகிழ்கிறார். இந்தச் சிலேடை விளங்கிவிட்டால் மீன் தப்பிவிடுகிறது.

சாதாரணத் தூண்டிலில் மண்புழுவையோ இறாலையோ கோத்து, ஓர் ஈயக் குண்டும் கட்டி எறிகிறோம். ஈயத்தின் கனம் இரையைத் தூரத்துக்கு இழுத்துச் செல்கிறது. ஆனால் ஈக்கு ஈயத்தின் கனம் ஏது? ஒரு வேப்பிலைகூட அதைவிடக் கனமாக இருக்கும். அதனால் இந்த முறையில் கனத்தைக் கயிற்றிலேயே வைத்துவிடுகிறார்கள். கயிறு தடிப்பானது, நீண்ட கோலை முன்னும் பின்னும் வீசினால் அது சாட்டைபோல வளைந்து விரிந்து, நுனியில் இருக்கும் பொய் ஈயைப் பூப்போல நீர்மேல் இறக்குகிறது. வீசுகிறவனுக்கு இது ஒரு வித்தை. அவனுக்கு வேண்டிய ஈயைக் கட்டுகிறவனுக்கு அது வேறொரு வித்தை. இரண்டாவது வித்தையைப் பற்றித்தான் நமக்கு இங்கே பேச்சு.

மேல்நாடுகளில் குளிர்காலம் வந்து ஆறுகளில் மீன் பிடிக்க முடியாதபோது, இந்த வித்தைக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து ஈ கட்டுவார்கள். வெறுமனே கட்டினால் அலுத்துப் போகுமே! ஒருவருக்கொருவர் பந்தயம் வைத்துக்கொள்வார்கள். மூன்றே சாமான்களைக் கொண்டு கட்ட வேண்டும் என்பது ஒரு பந்தயம். சமையலறையில் கிடைப்பதை மட்டும் கொண்டு கட்ட வேண்டும் என்பது மற்றொன்று. எல்லோருக்கும் ஒரே பொட்டலத்தைக் கொடுத்து, யார் கற்பனை எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது இன்னொன்று. ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்ன நம் சபைகளை இது நினைவூட்டவில்லையா?

இரண்டாயிரம் வருஷத்துப் பொய்

இந்தப் பொய் இன்று நேற்றுப் பிறந்ததன்று. சுமார் கி.பி. 200-இல் ரோமாபுரியில் வாழ்ந்த ஈலியன் என்ற ஆசிரியர் பிராணிகளைப் பற்றி எழுதிய நூலில், மாஸிடோனியாவின் ஆறு ஒன்றில் ஜனங்கள் மீன் பிடித்த விதத்தை வர்ணிக்கிறார். அங்குள்ள மீன்கள் ஒரு வகை ஈயை விரும்பித் தின்றன. உண்மை ஈயைப் பிடித்து முள்ளில் கோக்கலாம் என்றால், மனிதன் கைபட்டதுமே அதன் நிறமும் சிறகும் கெட்டுவிடுகின்றன. ஆகவே அவர்கள் முள்ளின்மேல் சிவந்த கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டினார்களாம். கம்பளி நூல், சேவல் இறகு, ஒரு முள் என்னும் இந்த மூன்றும் இன்றைக்கும் மாறவில்லை.

இங்கிலாந்தில் 1496-இல் அச்சான ஒரு தூண்டில் சாஸ்திரம், இன்ன மாதத்துக்கு இன்ன ஈ என்று பன்னிரண்டு ஈக்களை வகுத்துக் கூறுகிறது. ஜப்பானில் கானஸாவா நகரைத் தலைநகராகக் கொண்ட காகா ராஜ்யத்து வீரர்கள், சமாதான காலத்தில் உடம்பும் மனமும் தளராமல் இருப்பதற்காக ஆற்றில் ‘அயு’ என்னும் சிறு மீனைப் பிடிக்கப் போவார்களாம். தையல் ஊசியை வளைத்து முள்ளாக்கி, அதில் இறகும் பட்டு நூலும் கட்டிக்கொள்வார்களாம். 1575 முதல் அந்நகரில் ஊசி விற்றுவரும் ஒரு கடை, இன்றும் அந்த இறகுத் தூண்டிலைக் கையாலேயே செய்து விற்கிறது. நம் தென்கோடிக் கடலோரத்திலும், ஒரு கயிற்றில் பல முட்களைக் கட்டி, ஒவ்வொன்றிலும் பளபளக்கும் இழையைச் சுற்றி, இரையே இல்லாமல் அயிலையையும் பாரையையும் பிடிக்கும் வழக்கம் உண்டு. பசித்த மீன் எங்கே இருக்கிறதோ, அங்கே அதை ஏமாற்றும் மனிதனும் இருக்கிறான் போலும்!

நீலகிரிக்கு வந்த விருந்தாளி

தமிழ்நாட்டில் இந்த இறகு ஈ வெள்ளைக்காரத் துரைமார்களுடன் வந்தது. சென்னை மாகாண ஸிவில் உத்தியோகத்தில் இருந்த எச். எஸ். தாமஸ் என்பவர் 1873-இல் ‘இந்தியாவில் தூண்டில்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். 1887-இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனியாக இன்னொரு நூலும் எழுதினார். நம் ஆறுகளில் எந்த மீன் எந்த வேளையில் எதைத் தின்கிறது என்பதைக் கவனித்து எழுதியவர்களில் அவர் முக்கியமானவர்.

ஆனால் துரைமார்களுடைய மனம் அவர்கள் தேசத்து டிரவுட் மீனையே நாடியது. குளிர்ந்த ஓடையில் வாழ்ந்து, நீர்மேல் விழும் பூச்சியை எழும்பிக் கவ்வும் மீன் அது; பொய் ஈ பிறந்ததே அதற்காகத்தான். அதை நீலகிரியில் குடியேற்றுவதற்கு 1863-இல் பிரான்ஸிஸ் டே என்னும் வைத்தியர் செய்த முயற்சி வீணாயிற்று. பிறகு எச். ஸி. வில்ஸன் என்பவர் 1906-இல் அந்த வேலைக்கு நியமிக்கப்பட்டார். 1907-இல் அவலாஞ்சியில் மீன் முட்டை பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. சில வருஷங்களுக்குள் வானவில் டிரவுட் என்னும் ஜாதி மலையோடைகளில் நிலைத்துவிட்டது. மீன் கப்பலேறி வந்தது; ஈயும் கப்பலேறி வந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. துரைமார்கள் லண்டன் கடைகளிலிருந்து ஈக்களை வரவழைத்து நீலகிரியில் வீசினார்கள் அல்லவா? அந்த ஈக்களில் மிக உயர்ந்தவை எனப்பட்டவற்றில் பளபளத்த இறகு, நீலகிரிக் காட்டிலிருந்தும் அதைச் சேர்ந்த மேற்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்தும் போனதுதான்! பருத்தியைக் கொடுத்து வேட்டியை விலைக்கு வாங்கிய தேசத்தில் இதுவும் நடந்ததில் ஆச்சரியம் இல்லை.

காட்டுக்கோழியின் கழுத்து

அந்த இறகுக்குச் சொந்தக்காரன் நமது சாம்பல் நிறக் காட்டுக்கோழி. தென்னிந்தியக் காடுகளே அதன் முக்கிய இருப்பிடம். சேவலின் கழுத்து இறகுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றின் நுனியிலும் காம்பு தட்டையாக விரிந்து, மெழுகைச் சொட்டு விட்டதுபோல வெள்ளையும் மஞ்சளுமான புள்ளிகளாக மினுங்கும். முள்ளின் இருபுறமும் ஒவ்வொன்று வைத்துக் கட்டினால், அப்படியே ஒரு சிறு மீனின் கண்!

இப்பறவையின் சாஸ்திரப் பெயரில் நம் கடற்கரைச் சரித்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு அரசரின் ஆணைப்படி 1774 முதல் 1781 வரை கீழ்நாடுகளில் யாத்திரை செய்தவர் பியேர் சொன்னரா. புதுச்சேரியில் உத்தியோகமும் பார்த்தவர். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கும் அப்போது புதுச்சேரியே தலைமை இடம். 1782-இல் வெளிவந்த தம் யாத்திரை நூலில் அவர் இக்காட்டுக்கோழியை வர்ணித்து, வீட்டுக்கோழிகளின் மூதாதை இதுதான் என்று கருத்தும் சொன்னார். 1813-இல் டெம்மிங்க் என்ற டச்சுப் பண்டிதர் சொன்னராவின் பெயரையே பறவைக்குச் சூட்டினார். வீட்டுக்கோழியின் பிரதான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்று பிற்பாடு தெரிந்தபோது, சொன்னரா சொன்னது பிசகு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் 2008-இல் நடந்த மரபணு ஆராய்ச்சியில், வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான கூறு நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று ஏற்பட்டது. 226 வருஷம் கழித்து அவருக்குப் பாதி நியாயம் கிடைத்தது!

பறவைக்குக் கிடைத்ததோ வேறு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸால்மன் மீனுக்காக ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அமைத்த ‘ஜாக் ஸ்காட்’ என்னும் ஈயைப் பற்றி அந்த உலகத்தில் அறியாதார் இல்லை. மயில், தங்கக் காட்டுக்கோழி, தென்னமெரிக்க டூக்கான், நெருப்புக்கோழி, நம் காட்டுக்கோழி எனப் பல தேசத்துப் பறவைகள் அந்த ஒரு முள்ளின்மேல் வந்து உட்கார்ந்திருக்கும். சாம்ராஜ்யத்தின் கொடி எங்கெல்லாம் பறந்ததோ அங்கிருந்தெல்லாம் இறகு வந்தது. ஸால்மன் மீன் ஆற்றில் ஏறும் காலத்தில் ஆகாரமே கொள்வதில்லை. அது ஈயைக் கவ்வுவது பசியினால் அல்ல. அப்படியிருக்க, அதற்கு டூக்கான் இறகு வேண்டும் என்று யார் கேட்டார்கள்? கேட்டது மீன் அல்ல, மனிதனுடைய டம்பம்.

அதே காலத்தில் சீமாட்டிகளின் தொப்பிகளுக்காகவும் பறவைகள் லட்சக் கணக்கில் மடிந்தன. 1902-இல் இந்தியாவிலிருந்து காட்டுப் பறவைகளின் இறகையும் தோலையும் ஏற்றுமதி செய்வது தடுக்கப்பட்டது. 1921-இல் பிரிட்டன் தன் துறைமுகங்களில் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் செய்தது. 1972-இல் நம் தேசத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், காட்டுக்கோழியை வேட்டையாடுவதும் அதன் இறகை வியாபாரம் செய்வதும் குற்றம். இன்று மேல்நாட்டார் உபயோகிக்கும் காட்டுக்கோழிக் கழுத்து, அங்கேயே கூண்டில் வளர்த்த பறவையிடமிருந்து எடுப்பது. அதற்குக் கைகொடுக்க முடியாதவர்கள் சாதாரண இறகில் சாயப் பொட்டு வைத்து ஒப்பேற்றுகிறார்கள். அதையும் மீன் சந்தேகிப்பதாகத் தெரியவில்லை.

களவு போன பறவைகள்

சட்டம் வந்தாலும் டம்பம் போகவில்லை என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கட்டுக்கதை அன்று, கோர்ட்டில் நிரூபணமானது. இங்கிலாந்தில் டிரிங் என்னும் ஊரில் இயற்கைச் சரித்திரக் காட்சிசாலையின் பறவைத் தோல்கள் பாதுகாக்கப்படுகின்றன. 2009 ஜூன் மாதத்தில் ஓரிரவு, புல்லாங்குழல் பயின்ற ஒரு கல்லூரி மாணவன் ஜன்னலை உடைத்து உள்ளே புகுந்தான். 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டான். அவற்றில் டார்வினுடைய சமகாலத்தவரான வாலஸ் கீழ்த்திசைத் தீவுகளில் அலைந்து சேகரித்த பறவைகளும் இருந்தன. பழைய பாணி ஸால்மன் ஈக்களைக் கட்டுகிறவர்களுக்கு அந்த இறகுகளை விற்பதற்காகவே இவ்வளவும்!

மறு வருஷம் அவன் அகப்பட்டான். தோல்களில் ஒரு பகுதி திரும்பி வந்தது. ஆனால் பலவற்றில் சீட்டு கிழிக்கப்பட்டிருந்தது. எந்தப் பறவை, எந்தத் தீவில், எந்தத் தேதியில் பிடிபட்டது என்று சொல்வது அந்தச் சீட்டுத்தான். சீட்டு இல்லாத தோல் பண்டிதர்களுக்கு உதவாது. பையன் திருடியது இறகை மட்டுமல்ல; நூற்றைம்பது வருஷத்து அறிவையும் சேர்த்துத் திருடினான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைத்திறமையில் அவன் குறைந்தவன் அல்லன்; சிறு வயதிலேயே நன்றாக ஈ கட்டியவன். அவனுக்குக் குறைந்தது இருப்பதைக் கொண்டு ஆக்கும் பெருமை. சிலேடை பாடத் தெரிந்தவன் அரிய சொல்லைத் தேடி அகராதியைத் திருடப் போகமாட்டான். எள், வாழைப்பழம், பேன் ஆகியவற்றைக் கொண்டே பாடிவிடுவான்.

மீன் பிடிக்காத மேகன்

அப்படிப்பட்ட ஒருத்தியையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் வடகோடியில், கடலோரத்துச் சிறு குடிசை ஒன்றில், மேகன் பாய்ட் என்னும் மாது வாழ்ந்தாள். 1915-இல் பிறந்தவள், 2001-இல் மறைந்தாள். தினந்தோறும் ஜன்னலோரம் அமர்ந்து ஈ கட்டுவதே வேலை. அவள் கட்டிய ஈக்கு ராஜ குடும்பத்தாரும் காத்திருந்தார்கள். 1971-இல் அவளுக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் பதக்கம் அளித்தது. விழாவுக்கு அவள் போகவில்லை. தன் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் அகப்படவில்லையாம்! இத்தனை ஈ கட்டியவள் தன் கையால் ஒரு ஸால்மன் மீனைக்கூடக் கொன்றதில்லை. மீனுக்கு வீட்டில் இடமில்லாத சைவக் குடும்பத்தார் இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். தூண்டில் போடுவது வேறு. ஈ கட்டுவது வேறு. வீணை செய்கிற ஆசாரி கச்சேரி செய்யவேண்டும் என்று கட்டாயமா?

அமெரிக்காவில் மேய்ன் மாகாணத்தில் கேரி ஸ்டீவன்ஸ் என்ற மாது தொப்பி தைத்துப் பிழைத்தவள். இறகும் நூலும் கைக்குப் பழக்கமான சாமான்கள். 1924-இல் தான் கட்டிய புது ஈ ஒன்றைக் கொண்டு ஏறத்தாழ ஏழு ராத்தல் எடையுள்ள மீனைப் பிடித்து, பத்திரிகை நடத்திய போட்டியில் பரிசு பெற்றாள். அன்றிலிருந்து அவள் பெயர் பரவிவிட்டது. இன்று மேல்நாட்டுக் கடைகளில் விற்கும் ஈக்களில் ஏராளமானவை கென்யா, இலங்கை, தாய்லாந்து முதலிய தேசங்களில் கட்டப்படுகின்றன. கட்டும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள்.

இதில் வியப்பு என்ன? நம் வீடுகளில் மாலை வேளையில் நடப்பதைப் பாருங்கள். பேசிக்கொண்டே, பார்க்காமலே, வாழைநாரை விரலில் சுற்றி, இரண்டிரண்டு மல்லிகையாக வைத்து, ஒரு முடிச்சு, மறுபடி இரண்டு, மறுபடி முடிச்சு. நார் நழுவுவதில்லை, காம்பு நசுங்குவதில்லை. ஈ கட்டுவதற்கு வேண்டிய அடிப்படைத் திறமை இதுவே. அதைக் கற்றுக்கொடுக்க லண்டனிலிருந்து ஆசிரியர் வரவேண்டியதில்லை.

வீட்டுச் சாமான் போதும்

சாமான்களுக்கும் வெளியே போகவேண்டியதில்லை. பல வருஷங்களுக்கு முன்பே நம் நாட்டுச் சேவலின் கழுத்து இறகு கப்பலேறியது. 1970-களில் அமெரிக்காவில் இறகுக்கென்றே சேவல் வளர்க்கும் தொழில் வலுப்பெறும் வரையில், அங்கே ஈ கட்டுகிறவர்கள் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த சேவற் கழுத்துக்களையே நம்பியிருந்தார்கள். 2011-இல் அந்நாட்டுப் பெண்களுக்குக் கூந்தலில் சேவல் இறகு சொருகிக்கொள்ளும் மோகம் பிறந்து, ஈ கட்டுகிறவர்களுக்கு இறகு கிடைக்காமல் போனது ஒரு தமாஷ்.

வயதான நாட்டுச் சேவலின் கழுத்து இறகு ஏன் உயர்ந்தது? அதன் இழைகள் விறைப்பானவை, தண்ணீரை உறிஞ்சாதவை. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரிகிறது. சாளரத்துக்கு அப்பால் நீர்ப்பரப்பின் அடிப்புறம் கண்ணாடிபோல் ஆற்றின் தரையையே பிரதிபலிக்கிறது. உண்மை ஈ நீர்மேல் உட்காரும்போது, அதன் கால்கள் அந்தக் கண்ணாடியில் சிறு சிறு குழிகள் பதிக்கின்றன. மீனுக்கு முதலில் தெரிவது ஈ அல்ல, இந்தக் குழிகளே. விறைத்த சேவல் இறகை முள்ளைச் சுற்றிச் சுற்றினால், இழைகள் நாற்புறமும் நின்று அதே குழிகளைப் பதிக்கும். பெட்டைக் கோழியின் இறகு மென்மையானது. அது நீருக்குள் அமிழ்ந்து அசையும் பூச்சிக்குப் பொருத்தம்.

உடம்புக்கு மயில் தோகையின் இழையை மிஞ்சியது இல்லை. அதன் பச்சையும் பொன்னும் சாயம் அல்ல. இழையின் நுண்ணிய அமைப்பே ஒளியைப் பிரித்து நிறமாகக் காட்டுகிறது. அதனால் நனைந்தாலும் வெளுப்பதில்லை. நம் ஸர் ஸி. வி. ராமன், 1934-இல் பெங்களூரில் தாம் நிறுவிய விஞ்ஞானக் கழகத்தின் முதற் சஞ்சிகையிலேயே பறவை இறகுகளின் நிறம் பிறக்கும் விதத்தைப் பற்றி எழுதினார். பனங்காடையின் நீலச் சிறகை வைத்துக்கொண்டு அந்த ஆராய்ச்சியைச் செய்தார். மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. தானே உதிர்த்த தோகையை மட்டும் எடுக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பனங்காடை, மீன்கொத்தி, காட்டுக்கோழி இவற்றின் இறகுகளை நாடவே வேண்டாம்.

இனிக் கட்டும் விதம். மேஜை விளிம்பில் பொருத்திய சிறு இடுக்கியில் முள்ளின் வளைவை இறுகக் கவ்வச் செய்யவேண்டும். முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால், விரலுக்கும் ஆபத்துக் குறைவு; பிடித்த மீனைக் காயமின்றி விடவும் எளிது. தேன்மெழுகு தடவிய மெல்லிய பட்டு நூலை, முள்ளின் தண்டு முழுவதும் நெருக்கமாகச் சுற்றவேண்டும். இதுதான் அஸ்திவாரம்; இது வழுக்கினால் மேலே கட்டுவதெல்லாம் சுழன்று போகும். வால்புறத்தில் சேவல் இறகின் நாலைந்து இழைகளையும், பழைய பட்டுப் புடவையின் ஜரிகை இழை ஒன்றையும் சேர்த்துக் கட்டவேண்டும். மயில் இழை மூன்றை முறுக்கி உடம்பாகச் சுற்றி, அதன்மேல் ஜரிகையை இடைவெளி விட்டு எதிர்த் திசையில் சுற்றினால், மீனின் பல்லுக்கு மயில் இழை அறுபடாது. பூச்சியின் உடம்பில் உள்ள வளையங்களும் தோன்றும். தலைப்புறத்தில் சேவல் இறகைக் காம்பால் பிடித்து மூன்று நான்கு சுற்று. கடைசியில் நூல் தன்மேலேயே நாலைந்து தடவை படியுமாறு வளையமாகச் சுற்றி, முனையை அதற்குள் இழுத்து இறுக்கி, ஒரு துளி நகப்பூச்சு வைத்தால் ஈ தயார்.

முதல் ஈ தேனீயைக் கண்டு பயந்த எறும்புபோல இருக்கும். பத்தாவது ஈயை வீட்டிலுள்ளவர்கள் விரட்டப் பார்ப்பார்கள்.

கடைமடைக்கு ஏற்ற ஈ

நீலகிரியின் குளிர்ந்த ஓடைக்கு ஏற்ற ஈ, கடைமடைப் பட்டினத்துக்கு ஏற்காது. மீன் வேறு, அதன் சாப்பாடு வேறு. திருமலைராயனாறு முதலிய காவிரிக் கிளைகள் கடலோடு கலக்கும் இந்தப் பிரதேசத்தில், உப்பும் நன்னீரும் சேரும் கழிமுகங்களில் கொடுவாயும் மொரான் கெண்டையும் ஏறி வருகின்றன. இவற்றுக்கு வேண்டியது ஈ அல்ல. இறாலும் சிறு மீனும். பெயர்தான் ஈயே ஒழிய, இப்போது கடல் மீன்களுக்காக நீண்ட இறகாலும் மயிராலும் இரண்டு மூன்று அங்குலச் சிறு மீன்களையே கட்டுகிறார்கள். அவ்வகையில் லெப்டி கிரே என்ற அமெரிக்கர் அமைத்த ஒன்றை, அந்நாட்டுத் தபால் இலாகா 1991-இல் முத்திரைத் தலையில் அச்சிட்டுக் கௌரவித்தது.

ஆகவே பட்டினத்து இளைஞர்களுக்கும், வீட்டில் தையற்பெட்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் நாம் ஒரு பந்தயம் வைக்கலாம். ஓர் இறால் கட்டுங்கள். நிபந்தனைகள் நான்கு. முதலாவது, சாமான் எல்லாம் ஊருக்குள் கிடைப்பதாகவே இருக்கவேண்டும்: நாட்டுச் சேவல் இறகு, வாழைநார், ஜரிகை, வெள்ளாட்டு மயிர், இரண்டு கறுப்புப் பாசிமணி. இரண்டாவது, காட்டுப் பறவை எதன் இறகும் கூடாது. மூன்றாவது, கட்டுவதற்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் உயிருள்ள இறாலை விட்டு, அது எப்படி நீந்துகிறது, பயந்தால் எப்படிப் பின்னோக்கித் துள்ளுகிறது என்று ஒரு மணி நேரம் பார்க்கவேண்டும். நான்காவது, கட்டிய இறாலை அதே பாத்திரத்தில் விட்டு, பட்டினச்சேரி மீனவர் ஒருவரிடம் காட்டவேண்டும்.

பரிசு யாருக்கு என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருக்கே. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினத்துக் கடலுக்கு எழுந்தருளும்போது, ‘எங்கள் மாப்பிள்ளை’ என்று உரிமை கொண்டாடி எதிர்கொள்கிறவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். பெருமாளையே உறவு சொல்லி அழைக்கிறவர்கள், நம் பொய் இறாலைப் பார்த்து முகத்துக்காகப் புகழப் போவதில்லை. கொடுவாய் எந்த நீரோட்டத்தில் பதுங்கும், எந்த மாதத்தில் இறால் எந்த நிறத்தில் இருக்கும் என்பதெல்லாம் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தது. வலையும் படகும் அவர்களுடைய ஜீவனம், நம்முடையது பொழுதுபோக்கு. அந்தப் பேதத்தை மறவாமல் பணிந்து கேட்டால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் கிடைக்கும்.

கழுத்தைச் சுற்றிக் கத்தி தொங்கினால்தான் கவி பிறக்கும் என்பதில்லை. சபையார் ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும், பாட்டு வந்துவிடும். சேவல் போட்டுவிட்டுப் போன இறகு ஒன்று கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. அதை எடுத்து இறாலாக்கிக் காட்டுங்கள் பார்க்கலாம்!